எட்டாவது பிஸ்கட்

ஸ்டாக்ஹோமுக்கு வெகு வடக்கே இருக்கும் எங்கள் லோங்விக்கில் இதுவரை கொலை நடந்ததில்லை. நடந்திருந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம். "ஆளைக் கொஞ்ச நாளா காணோமே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிக்குத் தண்ணீர் வைத்திருப்போம். அப்பேர்ப்பட்ட ஊரை ஒரு வசந்தம் முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பிஸ்கட். காணாமல் போன பிஸ்கட் என்றால் போலீஸிடமாவது போகலாம். இது கூடுதலாக வந்த பிஸ்கட்.

சிக்னேயின் காபிக்கடை என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஊர் மரபுச் சங்கத்துக்குச் சொந்தமான பழைய மஞ்சள் மரவீடு அது. கீழே கடை, மேலே அவள் குடியிருக்கும் அறை. சிக்னே வெளியூர்க்காரி. வெளியூர் என்றால் ஆற்றுக்கு அக்கரை. பாலத்தில் நடந்தால் மூக்கு விறைப்பதற்குள் போய்விடலாம். ஆனாலும் வெளியூர் வெளியூர்தான். வந்து எத்தனையோ வருடமாகிறது, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் அவள் எங்களுக்கு "புதுசா வந்த பொண்ணு".

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் ஜன்னல் சட்டத்துக்கு வெளியே ஒரு வம்புக் கண்ணாடி பொருத்தியிருக்கிறது. நாற்காலியைவிட்டு எழாமல், திரைச்சீலையை விலக்காமல், தெருவின் இரண்டு முனையையும் அதில் பார்க்கலாம். எனக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவள் மாட்டியது. நான் கழற்றவில்லை, அவ்வளவுதான். துடைக்கிறேன், அதுவும் சுத்தத்துக்காக.

சனிக்கிழமை மதியம் சிக்னே முழுக் காபி மேஜை போடுவாள். முழு மேஜை என்றால் ஏழு வகை. முதலில் ஏலக்காய் ரொட்டி, பிறகு மெத்தென்ற கேக், அதன்பின் ஐந்து விதமான சின்ன பிஸ்கட். ஆறு வகை வைத்தால் கஞ்சம். எட்டு வகை வைத்தால் தலைக்கனம். இது எங்கும் எழுதப்படவில்லை. பாலைக் குடிக்க வாய் வேண்டும் என்றுகூடத்தான் எங்கும் எழுதவில்லை.

பனி இளகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுக் கெர்டா தட்டுகளின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு நின்றாள்.

"சிக்னே, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லையே."

"எட்டு வகை வச்சிருக்கியே?"

"ஏழுதானே?" சிக்னே விரலை நீட்டி எண்ணினாள். ஏழில் நிற்காமல் விரல் இன்னொரு தட்டுக்கும் போனது. சின்ன நீலத் தட்டு. அதில் இலைபோல மெல்லிய பிஸ்கட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சதுப்பு நிலத்துப் பொன்னிறப் பழத்தின் ஜாம் ஒரு பொட்டு. "இத நான் பண்ணல!"

"ஆமா ஆமா," என்றாள் கெர்டா. "தானா முளைச்சிருக்கும். வசந்த காலம்தானே."

எல்லோரும் சிரித்தோம். எடுத்தும் தின்றோம். தின்றதுதான் வினை.

எங்கள் ஊரில் எதையும் "நன்றாயிருக்கிறது" என்று சொல்வதில்லை. உச்சபட்சப் பாராட்டே "மோசமில்லை" என்பதுதான். இந்த வழக்கத்தை எங்கள் மண்டையில் ஏற்றியவள் ஊல்ரிகா. பள்ளிக்கூடத்தில் சமையல் டீச்சராக இருந்து, ஊரில் பாதிப் பேருக்கு மாவு பிசையச் சொல்லிக்கொடுத்தவள். இப்போது மரபுச் சங்கத்தின் தலைவி. ராஜாவைத் தவிர எல்லோரையும் "நீ" என்று அழைக்கிற நாட்டில், அவளைச் சிலர் "நீங்க" என்பார்கள். மரியாதையா கேலியா என்று அவளும் கேட்டதில்லை. அவள் வீட்டில் எதையாவது தின்றுவிட்டுப் பாராட்டினால் முகத்தைச் சுளிப்பாள். "பசிக்கு ஆகும், அவ்வளவுதான். பெருசா பேசாதீங்க." அதனால் அவள் வீட்டு மேஜையில் யாரும் பேசியதே இல்லை. சொன்ன சொல்லைக் கேட்கும் ஊர் இது.

அந்தச் சனிக்கிழமை அந்த வழக்கம் உடைந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சிக்ஸ்டன், மனைவியின் சாவுக்குக்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், மெல்லுவதை நிறுத்திவிட்டு, "யாரு பண்ணாங்களோ, அவங்க கைக்கு வளையல் போடணும்" என்றார். ஒரு முழு வாக்கியம்! கெர்டா கண்ணை மூடிக்கொண்டாள். நான் எத்தனை தின்றேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

சிக்னே மறுபடி, "சத்தியமா நான் பண்ணல" என்றாள்.

தவறான பேச்சு. எங்கள் ஊரில் தலைக்கனக்காரி இரண்டு வகை. ஒருத்தி "நான் பண்ணினேன்" என்று சொல்வாள். இன்னொருத்தி, அவளைவிடப் பெரியவள், "நான் பண்ணல" என்று சொல்லி நம் வாயாலேயே பாராட்டைக் கறந்துகொள்வாள். அன்று மாலை கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் எல்லோரும் என் வம்புக் கண்ணாடிக்குக் கீழே நின்று பேசினார்கள். கண்ணாடிக்குக் காது கிடையாது; ஜன்னலைத்தான் லேசாகத் திறந்து வைத்திருந்தேன்.

"அக்கரைக்காரிங்க அப்படித்தான்."

"பொன் விலை விக்கிற பொன்னிறப் பழம் வேற! யாருக்குக் காட்டுறா?"

அடுத்த சனிக்கிழமையும் அந்த நீலத் தட்டு வந்தது. அதற்கடுத்ததும். பாத்திரம் கழுவுகிற வேளையிலோ ரொட்டி எடுக்கிற வேளையிலோ, சிக்னே முதுகைத் திருப்பினால் தட்டு வந்து உட்கார்ந்திருக்கும். அவள் மறுக்க மறுக்க ஊர் முணுமுணுத்தது. ஜூனுக்குள் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம். அதில்தான் கடையின் குத்தகையைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காவிட்டால் கடை மட்டுமல்ல, தலைக்கு மேலிருக்கும் அறையும் போய்விடும். அக்கரையில் அவளுக்கு இப்போது யாரும் இல்லை.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாசரில் ஊற்றிய காபியை உறிஞ்சினாள். அக்கரைக்காரியானாலும் உறிஞ்சத் தெரிந்தவள்.

"டாக்னி, நேத்து ஊல்ரிகா வந்தா. 'கூட்டத்துல உன் விஷயம் எடுக்க வேண்டியிருக்கும், எனக்கு வருத்தம்தான்'னு சொல்லிட்டுப் போனா."

"வருத்தமா தெரிஞ்சுதா?"

"தொப்பியக் கழட்டாமலே சொன்னா."

"அப்போ தீர்மானம் பண்ணிட்டா."

"நான் என்னடி பண்ணேன்? யாரோ என் மேஜையில பிஸ்கட் வைக்கிறாங்க. நல்ல பிஸ்கட்டு வேற. மோசமா இருந்தாலாவது நான் இல்லைன்னு நம்புவாங்க."

"உன் பிஸ்கட்டு மோசம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் பயமாருக்கு."

யாராயிருக்கும் என்று இருவரும் யோசித்தோம். கெர்டா? அவள் ரொட்டியால் ஆணி அடிக்கலாம். சிக்ஸ்டன்? அவருக்கு முட்டையை உடைக்கும்போதே கண் கலங்கும். சிக்னே இல்லையென்றால் கோடைக்கு மட்டும் வருகிற ஸ்டாக்ஹோம்காரர்களாக இருக்கும் என்று கெர்டா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் இங்கே ஸ்டாக்ஹோம்காரர் எவரும் இல்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

"ஒண்ணு சொல்லு," என்றேன். "அந்த நீலத் தட்டுல கடைசி பிஸ்கட்ட நீ எடுக்கிறியா?"

"நானா? என் தட்டே இல்லையே அது. தொட மாட்டேன்."

"வேற எல்லாத் தட்டுலயும் கடைசி ஒண்ணு கெடக்குது. அது மட்டும் தட்டோட காணாம போகுது. ஒவ்வொரு வாரமும்."

சிக்னே சாசரைக் கீழே வைத்தாள். எங்கள் பக்கத்தில் தட்டில் கடைசியாகக் கிடக்கும் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். பாதியாக வெட்டி எடுப்பார்கள்; மீதிப் பாதியை அடுத்தவர் இன்னும் பாதியாக்குவார்; கடைசியில் கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய ஒரு துணுக்கு மேஜையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். பசியில் சாகிறவன்கூட அதைத் தொடமாட்டான். தொடுவதற்கு உரிமை ஒரே ஆளுக்குத்தான் உண்டு. வீட்டுக்காரிக்கு, விருந்து முடிந்து மேஜையைத் துடைக்கும்போது.

"அப்போ யாரோ அது தன்னோடதுன்னு நெனைக்கிறாங்க," என்றாள் சிக்னே மெதுவாக.

"செஞ்சவதான் நெனைப்பா. தன் பிள்ளைய அடுத்தவன் பாதிப் பாதியா வெட்டுறத எந்தப் பெத்தவ பாத்துக்கிட்டிருப்பா?"

அடுத்த சனிக்கிழமை எனக்குச் சளி. கடைக்குப் போகமுடியாமல், கம்பளிக்குள் சுருண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து ஆறு உடைந்தது. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த பனிக்கட்டி வெடித்து நகரும்போது பீரங்கி போலச் சத்தம் கேட்கும். வருடத்துக்கு ஒரு முறை வருகிற அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தவிர எல்லோரும் கரைக்கு ஓடுவார்கள். கடையே காலியானது. சிக்னே ஏப்ரனோடு ஓடினாள். சிக்ஸ்டன் கோப்பையோடு ஓடினார்.

நான் ஆற்றைப் பார்க்கவில்லை. ஆறு வருடா வருடம் உடையும். நான் கடையின் ஜன்னலைப் பார்த்தேன்.

உள்ளே ஒருத்தி மட்டும் இருந்தாள். மேஜையருகே வந்தாள். நீலத் தட்டில் மிச்சமிருந்த ஒற்றை பிஸ்கட்டைக் காகித நாப்கினில், பிறந்த குஞ்சைப் பொதிவதுபோலப் பொதிந்தாள். தன் பெரிய தோல்பையைத் திறந்தாள். உள்ளே தகர டப்பா ஒன்றின் மூடி மின்னியது. பிஸ்கட்டை அதில் வைத்து, நீலத் தட்டையும் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆற்றைப் பார்க்கப் போவதுபோல நிதானமாக வெளியே வந்தாள்.

ஊல்ரிகா.

ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாக வந்து, "மேஜை ஒழுங்கா இருக்கான்னு பாக்குறேன்" என்று சுற்றுகிறவள் அவள்தானே. அந்தப் பை என் கண்ணாடியில் எத்தனை முறை போயிருக்கும்! கண்ணாடியின் பிழையில்லை; அதன் இந்தப் பக்கத்தில் இருந்தவளின் பிழை.

சிக்னேயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

"எதுக்குடி இப்படி? என்னைத் துரத்தவா?"

"துரத்துறதுக்கு இவ்வளவு ஏலக்காய் போடணுமா?" என்றேன். "வாழ்நாள் பூரா பாராட்டாதேன்னு சொல்லிக்கிட்டு வந்தா. யாரும் பாராட்டல. இப்போ வயசாயிடுச்சு. ஒரு தடவையாவது காதுல விழணும்னு ஆசைப்பட்டிருப்பா. அவ பேரு தெரியாம வச்சாத்தான் நாக்கு உண்மை பேசும்."

"பாராட்டு கேட்டுச்சில்ல? அப்புறம் எதுக்கு என் கழுத்துல கத்தி?"

"ஏன்னா பாராட்டு உன் பேர்ல விழுந்துடுச்சு. ஊர் முணுமுணுத்தா தலைவி முன்னாடி நிக்கணும். இப்போ தன் பிஸ்கட்ட எதிர்த்துத் தானே கூட்டம் போடுறா."

"எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்."

"சொல்லிப் பாரு. 'ஊல்ரிகா டீச்சர் மேல பழி போடுறா அக்கரைக்காரி'ம்பாங்க. சாயந்திரத்துக்குள்ள நீ பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்ப. என் பேச்சும் எடுபடாது. நான் வம்புக் கண்ணாடிக்காரி."

சிக்னே கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கடையிலேயே நடந்தது. காபி இல்லாமல் நடக்கும் கூட்டம் எங்கள் ஊரில் செல்லாது. ஊல்ரிகா மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து மரச் சுத்தியலால் தட்டினாள். போன வருடத்து விவரங்களை ஒத்துக்கொள்கிறோமா என்று கேட்டாள். எல்லோரும் உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்தோம். எங்கள் பக்கத்தில் "ஆமாம்" என்பதை வாயால் சொல்வதில்லை. ஷ்ஷுப் என்று மூச்சை உறிஞ்சினால் போதும். அறை முழுக்க உறிஞ்சினால் ஜன்னல் திரை உள்ளே வரும்.

"அடுத்தது இந்தக் கடை," என்றாள் ஊல்ரிகா. அவள் குரலில் வருத்தம் நன்றாக இஸ்திரி போட்டு மடித்திருந்தது. "நம்ம ஊருக்குன்னு ஒரு அளவு இருக்கு. அந்த அளவ மீறுறது சின்ன விஷயம் இல்ல. பிஸ்கட்டு சின்னதுதான், ஆனா அது சொல்லுற சேதி பெருசு. சிக்னே, நீ ஏதாவது சொல்லணுமா?"

சிக்னே எழுந்தாள். நீலத் தட்டு அன்றும் மேஜையில் இருந்தது, பாதி காலியாக. அவள் அதைக் கையில் எடுத்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்றது சரி," என்றாள். "மன்னிச்சுக்கோங்க. நான் பொய் சொல்லிட்டேன். இத வச்சது நான்தான். ஆனா பண்ணது நான் இல்ல. ஊருக்கு வெளியில இருக்கிற பெரிய கடையில பாக்கெட்டுல விக்குறாங்க. வாங்கிட்டு வந்து வச்சேன்."

ஒரு கணம் யாரும் மூச்சுவிடவில்லை. உள்ளேயும் இழுக்கவில்லை. பாக்கெட் பிஸ்கட்! காபி மேஜையில்! எட்டு வகை வைப்பது தலைக்கனம் என்றால், பாக்கெட்டைப் பிரித்து வைப்பது ஏறக்குறைய அம்மணம்.

பிறகு எல்லோருக்கும் பேச்சு வந்தது. வாரக்கணக்கில் உண்மையை நம்பாத வாய்கள், பொய்யைக் காபி ஆறுவதற்குள் நம்பின.

"நான் அன்னைக்கே நெனச்சேன்," என்றாள் கெர்டா. "ஒரு மாதிரி அட்டை வாசன."

"எல்லாம் ஒரே அளவா இருந்துச்சே. மெஷின்தான்."

"அந்த ஜாம்ல பழமே இல்ல, வெறும் கலரு."

"எனக்கு நெஞ்சக் கரிச்சுது, வீட்டுல சொன்னேன்."

வளையல் போடச் சொன்ன சிக்ஸ்டன்கூட, "மாவு வேகல" என்றார்.

நான் ஊல்ரிகாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவள் முகத்தில் நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. பிறகு "அட்டை வாசன" என்றதும் இடது கண் துடித்தது. "மெஷின்தான்" என்றதும் சுத்தியலைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. "மாவு வேகல" என்று சிக்ஸ்டன் வாயிலிருந்து வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"வேகலையா? சிக்ஸ்டன், உனக்கு நாக்கு இருக்கா இல்ல பஸ் டயரா? எந்த பாக்கெட்டுக்காரன் வெண்ணெயை அடுப்படியிலயே நின்னு செவக்க விடுவான்? எந்த மெஷின் ஏலக்காய உரல்ல இடிக்கும்? கலரா? அந்தப் பழத்துக்கு நான் முட்டிவரைக்கும் சேத்துல நின்னேன், கொசு என் கழுத்தத் தின்னுச்சு!"

அறை அப்படியே உறைந்தது. ஆறுகூட அவ்வளவு சுத்தமாக உறைந்ததில்லை. எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தோம். சிக்ஸ்டன் மட்டும் தலையைத் தூக்கினார்.

"எந்தச் சேறு?"

"அதச் சொல்ல மாட்டேன்," என்றாள் ஊல்ரிகா அனிச்சையாக. பொன்னிறப் பழம் விளையும் இடத்தை எங்கள் ஊரில் சாகும்போதுகூடச் சொல்வதில்லை. பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தாள். தொப்பி லேசாகச் சரிந்திருந்தது, அதைச் சரிசெய்யவில்லை. ஊருக்கே அளவு சொன்னவள், தன் வாயால் தன் பிஸ்கட்டைப் புகழ்ந்துவிட்டாள். இதற்கு மேல் ஒரு அம்மணம் கிடையாது.

சிக்னே நீலத் தட்டை அவள் முன்னால் வைத்தாள்.

"நான் இனிமே ஆறு வகைதான் பண்ணப் போறேன்," என்றாள். "ஏழாவது நீங்க பண்ணுங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும். உங்க பேர் போட்டு வைப்பேன்."

"பேர் எல்லாம் வேண்டாம்," என்றாள் ஊல்ரிகா. குரல் ரொம்பச் சிறியதாக இருந்தது. ஆனால் பண்ணமாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தோம்.

"அப்போ ஏழுதானே?" என்றேன் நான். "அளவு சரியாயிடுச்சு. குத்தகை விஷயத்த முடிச்சிரலாமா, தலைவி?"

ஊல்ரிகா சுத்தியலை எடுத்தாள். கேள்வியைக் கேட்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சிக்னேயோட குத்தகையப் புதுப்பிக்க கூட்டம் சம்மதிக்குதா?"

ஷ்ஷுப்.

திரைச்சீலை உள்ளே வந்தது. சுத்தியல் விழுந்தது. சிக்னே சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் பாத்திரம் கழுவுகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நம்புவதாகக் காட்டிக்கொண்டோம்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஊல்ரிகா டப்பாவைப் பைக்குள் மறைக்காமல் கையிலேயே கொண்டுவருகிறாள். என் கண்ணாடியில் தெருமுனையிலிருந்தே தெரிகிறது. தட்டில் பெயர்ச்சீட்டு இல்லை. தேவையுமில்லை, ஊருக்கே தெரியும். தின்றுவிட்டு எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்து, "மோசமில்லை" என்கிறார்கள். வெளியே வந்ததும் என் ஜன்னலுக்குக் கீழே நின்று வேறு சொல்கிறார்கள்.

"யார் பண்ணதுன்னு தெரியாதப்போ இன்னும் ருசியா இருந்துச்சு, இல்ல?"

போன வாரம் நான் கடைக்குள்ளேயே இருந்தேன். நீலத் தட்டில் ஒரே ஒரு பிஸ்கட் மிஞ்சியது. கெர்டா அதில் பாதியை வெட்டினாள். சிக்ஸ்டன் மீதியில் பாதியை வெட்டினார். ஊல்ரிகா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடையது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், மேஜையோ சிக்னேயுடையது. கை நீட்டினால் பேராசைக்காரி என்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் உதடு மெல்ல அசைந்தது. துணுக்கு பட்டாணி அளவு வந்ததும், கெர்டா கத்தியை மறுபடி எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதையும் நேர் பாதியாக வெட்டினாள்.